திருவனந்தபுரத்தில் ஒரு பகல்: ஜோடியாகப் போகிறவர்களின் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கமிருந்து காலையில் கிளம்பி ராத்திரி வீடு திரும்புகிறவர்களுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். தங்கல், ஹோட்டல் வாடகையெல்லாம் என்னிடம் கேட்க வேண்டாம். முதலிலேயே ஒன்று: திங்கட்கிழமை போகாதீர்கள்.

வடசேரி, கல்யாணமாகி மூணு மாசம்: அக்கா, ஞாயித்துக்கிழமை போறோம். பத்மநாபசாமி கோயில், குதிரமாளிகை அரண்மனை, மியூசியம், மிருகக்காட்சிசாலை, கோவளம், சங்குமுகம். எல்லாம் ஒரே நாளில் முடியுமா?

முடியாது தம்பி. ஓடலாம், பார்க்க முடியாது. கோயில், குதிரமாளிகை, கோவளம் மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைய நாளைத் தீர்மானிப்பது கோயில் நடைதான். காலையில் துண்டு துண்டாகத்தான் தரிசனம், நடுவில் பூஜைக்கு அடைப்பார்கள். உச்சிக்கு அடைத்தால் திறக்க சாயங்காலம் 5 ஆகிவிடும். பதினொன்றரைக்குப் போய் நின்றுவிட்டு "கூட்டம்" என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை. வெள்ளனே ரயிலைப் பிடித்து தம்பானூரில், அதாவது சென்ட்ரல் ஸ்டேஷனில், இறங்கினால் கிழக்கே கோட்டைக்கு இருபது நிமிட நடை.

ஆணுக்கு வேட்டி, மேலே சட்டை கிடையாது, துண்டு போடலாம். சாரம் (லுங்கி) கட்டிக்கொண்டு போனால் வாசலிலேயே திரும்ப வேண்டியதுதான். போன், கேமரா, பை எல்லாம் வெளியே கொடுத்துவிட வேண்டும். இங்கேதான் ஜோடிகள் மாட்டுவது: இரண்டு போனையும் கொடுத்துவிட்டு உள்ளே கூட்டத்தில் பிரிந்துபோவார்கள். பத்மதீர்த்தக் குளத்தங்கரையில் இன்ன இடம் என்று முதலிலேயே பேசி வையுங்கள். டோக்கன் ஒருவரிடம், காசு இன்னொருவரிடம் என்று பிரிக்கவும் வேண்டாம்.

உள்ளே பெருமாள் 18 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்டிருக்கிறார். 12008 சாளக்கிராமம் வைத்து, கடுசர்க்கரைப் பூச்சில் செய்த திருமேனி. மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க முடியும். முதல் வாசலில் முகம் மட்டும் பார்த்து நகர்ந்துவிடுகிறார்கள். தொங்கும் வலது கைக்குக் கீழே சிவலிங்கம் இருக்கிறது, அதைத் தேடுங்கள். நடுவில் நாபித் தாமரையும் பிரம்மாவும், மூன்றாவதில் திருவடி. வரிசையைத் தள்ளிக்கொண்டே இருப்பார்கள், ஆகவே எங்கே எதைப் பார்ப்பது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. முன்னால் இருப்பது ஒற்றைக்கல் மண்டபம். அங்கே விழுந்து கும்பிடாதீர்கள். அதில் விழுந்தவருடைய உடைமையெல்லாம் பெருமாளுக்குச் சேர்ந்தது என்பது முறை; நாட்டையே எழுதிக்கொடுத்த ராஜ வம்சத்தாருக்குத்தான் அந்த நமஸ்காரம்.

வெளியே வந்ததும் குளத்துக்கு எதிரே மேத்தன் மணி என்கிற பழைய கடிகாரம். தாடிக்காரன் முகம், இரு பக்கமும் ஆட்டுக்கடா. மணி ஆகும்போது கடாக்கள் கன்னத்தில் முட்டும், வாய் திறக்கும். ஐந்து நிமிடம் முன்னதாகப் போய் நில்லுங்கள். அதை ஒட்டியே குதிரமாளிகை, திருவிதாங்கூர் ராஜா சுவாதித் திருநாள் கட்டியது. கூரைக்குக் கீழே வரிசையாக 122 மரக்குதிரை. மத்தியானம் அதையும் அடைப்பார்கள்.

குழித்துறை: சுடிதார் போட்டுப் போலாமா?

மேலே முண்டு (வேட்டி) சுற்றிக்கொண்டால் போகலாம். 2016-இல் சுடிதாரோடு விட உத்தரவு போட்டு, அடுத்த மாதமே ஹைகோர்ட் ரத்து செய்துவிட்டது. புடவை, முண்டும் நேரியதும், பாவாடை எதுவும் சரி.

தோவாளை: டிக்கெட் திருவனந்தபுரம் சவுத்துக்குப் போட்டாச்சு. சரிதானே?

சரியில்லை. சவுத் என்பது நேமம், நார்த் என்பது கொச்சுவேலி. பேரை மாற்றியதால் வந்த குழப்பம். கோயிலுக்குப் போக சென்ட்ரல்தான் வேண்டும், அதுதான் தம்பானூர்.

கருங்கல்: லெகின்ஸ்?

இரண்டு கேள்விக்கு மேலே பாருங்கள்.

அழகியமண்டபம்: குதிரமாளிகைக்கு எதுக்குக் காசு கொடுக்கணும்? நம்ம பத்மநாபபுரம் அரண்மனை இருக்கே. அதையும் கேரளாக்காரனே வச்சிருக்கான். அதைக் கேக்க ஆளில்லை.

அண்ணே, இதற்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கல்குளம் தாலுகா தமிழ்நாட்டோடு சேர்ந்தது, அரண்மனை மட்டும் கேரளத் தொல்லியல் துறை கையில் நின்றது. மரவேலையைப் பராமரிக்கிறார்கள், அதைச் சொல்லத்தான் வேண்டும். திருவிதாங்கூர் தலைநகரமே 1795-இல்தான் இங்கிருந்து அங்கே போனது. இன்றைக்கும் நவராத்திரிக்குப் பத்மநாபபுரத்து சரஸ்வதியும், வேளிமலை முருகனும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் இங்கிருந்து புறப்பட்டு எல்லை கடக்கிறார்கள். சரஸ்வதியை இருத்துவது குதிரமாளிகைக்குப் பக்கத்து மண்டபத்தில். ஆகவே இரண்டையும் பாருங்கள். பத்மநாபபுரம் முதலில், இன்னொரு நாளில். அங்கே உப்பரிகை மாளிகையை ஏறிப் பார்த்த கண்ணுக்குத்தான் குதிரமாளிகைத் தச்சன் என்ன செய்தான் என்று புரியும்.

அழகியமண்டபம், மறுபடியும்: அப்போ டிக்கெட் காசு யாருக்குப் போகுது?

களியக்காவிளை: அண்ணே, எல்லையில இருக்க எங்களுக்கு ரெண்டும் ஊருதான். சண்டையை இழுக்காதீங்க.

அழகியமண்டபம்: நியாயத்தைக் கேட்டா சண்டையா?

இரண்டு பேரும் சாயா குடித்துக்கொண்டு பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். அடுத்தது.

திங்கள்சந்தை: மத்தியானச் சாப்பாடு?

தம்பானூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இந்தியன் காபி ஹவுஸ். லாரி பேக்கர் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய செங்கல் கோபுரம். உள்ளே சமதளமே கிடையாது, சாய்தளம் சுற்றிச் சுற்றி ஏறும், ஓரமாக மேஜை. மசால் தோசைக்குள் பீட்ரூட் இருக்கும், சிவப்பைக் கண்டு பயப்படாதீர்கள். இலைச் சாப்பாடு சாப்பிட்டால் போளியும் பால்பாயசமும் விடாதீர்கள். போளியைப் பிய்த்துப் போட்டு, மேலே சூட்டோடு பாயசம்.

மார்த்தாண்டம்: பைக்கில் வர்றோம். கோவளத்திலிருந்து திரும்ப சிட்டிக்குள்ள போகணுமா?

வேண்டாம். பைபாஸில் தெற்கே விட்டால் காரோடு என்ற ஊர் வந்துவிடும், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை நெரிசல் மிச்சம். கலங்கரை விளக்கத்தில் ஏறுவதென்றால் அஸ்தமனம் வரை காத்திருக்காமல் முதலிலேயே ஏறுங்கள், நேரத்தோடு அடைப்பார்கள். ஜூன், ஜூலையில் சிவப்புக் கொடி நட்டிருந்தால் முழங்கால் தண்ணீருக்கும் இறங்காதீர்கள். அலை அடித்துத் தள்ளுவதில்லை, அடியில் மணலோடு காலை உள்ளே இழுக்கும்.

இரணியல்: புதன்கிழமை மியூசியம்?

நேப்பியர் மியூசியம் புதன் மத்தியானம் ஒரு மணிக்குத்தான் திறக்கும்.

கொல்லங்கோடு: சுடிதாருக்கு மேல துப்பட்டா கட்டினா...

முண்டு. முண்டு. முண்டு.

ஆரல்வாய்மொழி: அக்கா, அவருக்குத் திங்கட்கிழமைதான் லீவு. வேற வழியில்லையா?

குதிரமாளிகை, மியூசியம், மிருகக்காட்சிசாலை, கலங்கரை விளக்கம் நான்கும் அன்றைக்கு அடைப்பு மோளே. பத்மநாபபுரமும்தான். கோயில் உண்டு, சாலைக் கடைத்தெரு உண்டு, காபி ஹவுஸ் உண்டு, கடல் உண்டு. அது போதுமென்றால் கிளம்புங்கள். இல்லையென்றால் அவரைச் செவ்வாய்க்கு லீவு எழுதச் சொல்லுங்கள்.