210-க்கு வாங்கிய பங்கு 38-ல் நிற்கிறது: இது மலிவா?

கேள்வி: ஐயா, குலசேகரம் பக்கம் சிறிய ரப்பர் தோட்டம் வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ரப்பர் பொருள்கள் செய்யும் ஒரு நடுத்தர நிறுவனத்தின் 1,500 பங்குகளை 210 ரூபாய் வீதம் வாங்கினேன். ரப்பர் விலை ஏறியதாலும் கடனாலும் கம்பெனி இப்போது நஷ்டத்தில் ஓடுகிறது. பங்கு விலை 38 ரூபாய். ஆனால் புத்தக மதிப்பு 95 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கிறது, விடாதே என்கிறார்கள் நண்பர்கள். பழைய மரங்களை வெட்டி விற்ற பணம் கையில் இருக்கிறது. இன்னும் வாங்கிச் சராசரி விலையைக் குறைக்கலாமா? இல்லை, வந்த விலைக்கு விற்றுவிடலாமா?

பதில்: முதலில் அந்த 210-ஐ ஒதுக்கி வையுங்கள். அது நீங்கள் கொடுத்த விலை. கம்பெனிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 210-லிருந்து 38-க்கு விழுந்த பங்கு இன்னும் விழாது என்று எந்த விதியும் கிடையாது. 38-லிருந்து 8-க்கு வந்தாலும் அன்றைக்கு வாங்கியவருக்கு கிட்டத்தட்ட 80 சதவீதம் போய்விடும்.

நீங்கள் சொன்ன கம்பெனியின் ஆண்டறிக்கையைப் பார்த்தேன். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கணக்கு எளிதாகப் புரிய எண்களைத் தோராயமாக முழு எண்களாக்கியிருக்கிறேன்.

தோவாளைப் பக்கம் பத்து சென்ட் நிலம் பாதி விலைக்கு வருகிறது என்றால் நீங்கள் என்ன செய்வீர்கள்? முதலில் வில்லங்கம் போட்டுப் பார்ப்பீர்கள். பங்கு வாங்கும்போது மட்டும் நம்மில் பலர் அதைச் செய்வதில்லை. கம்பெனியின் சொத்தில் முதல் உரிமை கடன் கொடுத்தவருக்கு. 2016-ல் வந்த திவால் சட்டத்தின் 53-வது பிரிவு இந்த வரிசையைத் தெளிவாகச் சொல்கிறது: கலைப்பு நடவடிக்கைக்கான செலவு, அப்புறம் தொழிலாளர் பாக்கியும் ஈடு பெற்ற வங்கிகளும், ஊழியர் சம்பளம், ஈடில்லாத கடன்காரர்கள், அரசு பாக்கி என்று போய், கடைசி வரியில்தான் சாதாரணப் பங்குதாரர் நிற்கிறார். ஆகவே பங்கு மலிவா என்று கேட்பதற்கு முன், கடன்காரர்கள் எல்லோரும் எடுத்துக்கொண்ட பிறகு ஏதாவது மிஞ்சுமா என்று கேட்க வேண்டும்.

உங்கள் கம்பெனியில் 10 கோடிப் பங்குகள். 38 ரூபாய் வீதம் 380 கோடி. "380 கோடிக்கு இவ்வளவு பெரிய ஃபேக்டரியா" என்று தோன்றும். ஆனால் கடன் 900 கோடி, கையில் ரொக்கம் 60 கோடி. நிகரக் கடன் 840 கோடியையும் சேர்த்தால் சந்தை இந்தத் தொழிலுக்குக் கொடுக்கும் விலை 1,220 கோடி. இதில் இன்னொன்றும் கவனியுங்கள். தொழிலின் மதிப்பு வெறும் 10 சதவீதம், அதாவது 122 கோடி குறைந்தால், கடன் அப்படியே இருக்கும். மொத்த அடியும் 380 கோடியின் மேல் விழும். பங்குக்கு 12 ரூபாய், கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. கடன் மிகுந்த கம்பெனியின் பங்கு தினமும் அப்பர் சர்க்யூட், லோயர் சர்க்யூட் (ஒரு நாளில் விலை ஏறவும் இறங்கவும் பங்குச்சந்தை வைத்திருக்கும் எல்லைகள்) என்று ஆடுவதற்கு இதுதான் காரணம்.

சரி, அந்த 95 ரூபாய்க்கு வருவோம். உங்கள் நண்பர்களை மயக்கியது அதுதான். புத்தக மதிப்பு என்பது கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கும் சொத்தில் கடனைக் கழித்த மீதி: 950 கோடி. அதில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். ஓராண்டுக்கு மேல் வசூலாகாத வாடிக்கையாளர் பாக்கி 150 கோடி. துணை நிறுவனங்களுக்குக் கொடுத்த கடன் 200 கோடி. அந்த நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்கு வருமானமே இல்லை. முன்பு ஒரு கம்பெனியை அதிக விலை கொடுத்து வாங்கியபோது எழுதிவைத்த 'குட்வில்' 180 கோடி. சிக்கலில் இருக்கும் நேரத்தில் இந்த மூன்றுக்கும் நான் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டேன். கழித்தால் 420 கோடி. 95 ரூபாய் 42 ஆகிவிட்டது. அதோடு முடியவில்லை. குறிப்புகளில், பலரும் புரட்டாத பக்கத்தில், குழும நிறுவனம் ஒன்றின் கடனுக்கு 250 கோடி உத்தரவாதம் கொடுத்திருப்பதாக இருக்கிறது. அந்த நிறுவனம் கட்டாவிட்டால் வங்கி இங்கே வரும். அப்போது பங்குக்கு 17 ரூபாய்.

ஆண்டறிக்கையைப் பின்னாலிருந்து படிக்கச் சொல்வது என் பழக்கம். முன்னால் இருக்கும் தலைவர் உரையும் படங்களும் யாருக்கும் பயன்படாது. தணிக்கையாளர் அறிக்கையில் 'கோயிங் கன்சர்ன்' பற்றிக் கணிசமான ஐயம் என்று ஒரு பத்தி இருந்தால், கம்பெனி அடுத்த ஓராண்டு தாக்குப்பிடிக்குமா என்று தணிக்கையாளருக்கே சந்தேகம் என்று பொருள். அதன் பின்னிணைப்பாக 'காரோ' அறிக்கை வரும், அரசு கேட்கும் குறிப்பிட்ட கேள்விகளுக்குத் தணிக்கையாளர் தரும் பதில் அது. அதில் மூன்று இடங்களைப் பாருங்கள்: வங்கிக் கடனில் தவணை தவறியதா, குறுகிய காலக் கடனை எடுத்து நீண்ட கால வேலைக்குப் போட்டார்களா, வங்கிக்குக் கொடுத்த காலாண்டுக் கணக்கும் கம்பெனிப் புத்தகமும் ஒத்துப்போகின்றனவா. மூன்றாவதில் 'ஒத்துப்போகவில்லை' என்று வந்தால் நான் அந்த அறிக்கையை அத்தோடு மூடிவிடுவேன். எண்களே நம்பத் தகுந்தவை இல்லை என்றால் மதிப்பீடு என்று ஒன்று கிடையாது. 2009 ஜனவரியில் சத்யம் என்ற ஐ.டி. கம்பெனியின் மோசடி வெடித்தபோது கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று தெரிந்தது. ரொக்கத்தைச் சோதிக்க எளிய வழி உண்டு: கையில் பணம் வைத்திருப்பதாகச் சொல்லும் கம்பெனிக்கு அதற்குத் தகுந்த வட்டி வருமானம் வருகிறதா? கையில் பணத்தை வைத்துக்கொண்டு ஏன் 11 சதவீதத்துக்குக் கடன் வாங்குகிறார்கள்?

கிரிசில், இக்ரா, கேர் போன்ற தர நிர்ணய நிறுவனங்கள் தங்கள் விளக்கக் குறிப்புகளை இணையதளத்தில் இலவசமாகவே போடுகின்றன. தரகர் அறிக்கையைவிட எனக்கு அவை பிடிக்கும். அடுத்த ஓராண்டில் எவ்வளவு தவணை கட்ட வேண்டும், அதற்குப் பணம் எங்கே என்று அதில் நேராகவே எழுதியிருப்பார்கள். தரத்துக்குப் பக்கத்தில் 'இஷ்யூவர் நாட் கோஆப்பரேட்டிங்' என்று இருந்தால், கேட்ட தகவலைக் கம்பெனி கொடுக்கவில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

அப்புறம் அடமானம். புரமோட்டர், அதாவது கம்பெனியை நடத்தும் முதலாளி குடும்பத்திடம் உள்ள பங்குகளில் எவ்வளவு அடகில் இருக்கிறது என்பது காலாண்டுக்கு ஒருமுறை பங்குச்சந்தைத் தளத்தில் வரும். உங்கள் கம்பெனியில் பாதிக்கு மேல். விலை இன்னும் இறங்கினால் அடகு பிடித்தவர் சந்தையில் விற்பார், விற்றால் விலை மேலும் இறங்கும்.

சிக்கல் எப்படிப்பட்டது என்பதைப் பிரித்துப் பார்ப்பதில் உங்களுக்கு என்னைவிட அனுபவம் உண்டு. கோட்டயம் ரப்பர் விலையைத் தினமும் பார்க்கிறவர் நீங்கள். 2011-ல் கிலோ 240 ரூபாயைத் தாண்டிய ஆர்.எஸ்.எஸ்.-4 (நான்காம் தரப் புகையூட்டிய ரப்பர்) ஷீட், 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே வந்தது. 2024 ஆகஸ்டில் 247 வரை போய்ப் பழைய உச்சத்தை உடைத்தது. விலை ஏறும்போது உங்களுக்குக் கொண்டாட்டம், ஃபேக்டரிக்குத் திண்டாட்டம். ஆனால் அது வந்து போகிற சிக்கல். கம்பெனிகள் சில காலாண்டுகள் பொறுத்துத் தங்கள் விலையை ஏற்றிவிடும். அப்படிப்பட்ட நேரத்தில், கடன் குறைவாக உள்ள கம்பெனியின் பங்கு உண்மையிலேயே மலிவாகக் கிடைக்கும். உங்கள் கம்பெனியின் கதை வேறு. கடந்த ஆண்டு வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய லாபம் 90 கோடி, வட்டி மட்டும் 100 கோடி. ரப்பர் விலை லாபத்தைக் குறைத்தது உண்மை. நஷ்டத்தில் தள்ளியது கடன். அந்தக் கடனில் ஒரு பகுதி துணை நிறுவனங்களுக்குப் போயிருக்கிறது.

"சுஸ்லானைப் பாருங்கள், இரண்டு ரூபாய்ப் பங்கு எங்கே போனது" என்று உங்கள் நண்பர்கள் அடுத்துச் சொல்வார்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளைத் தாண்டிப் போகிற மாவட்டக்காரர்களுக்கு அந்தப் பெயர் மேல் ஒரு பிரியம் உண்டு. அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். 2008 ஜனவரியில், காற்றாலை செய்யும் கம்பெனியான சுஸ்லானின் பங்கு 400 ரூபாயைத் தாண்டியிருந்தது. வெளிநாட்டில் பெரிய கம்பெனியைக் கடன் வாங்கி வாங்கினார்கள். 2012-ல் வெளிநாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் கட்ட முடியவில்லை. நிகர மதிப்பு பல ஆண்டுகள் மைனஸில் கிடந்தது. 2020 மார்ச்சில் பங்கு 2 ரூபாய்க்கும் கீழே. வங்கிகள் கடனைச் சீரமைத்தன, 2022-ல் 5 ரூபாய் விலையில் உரிமைப் பங்கு (இருக்கும் பங்குதாரருக்கே முதலில் கொடுக்கும் புதுப் பங்கு) விற்றார்கள், காற்றாலை ஆர்டர்கள் திரும்பின. 2024 செப்டம்பரில் விலை 80-ஐத் தாண்டியது.

இரண்டு ரூபாய்க்கு வாங்கியவர் சம்பாதித்தார், சந்தேகமில்லை. ஆனால் 2008-ல் சுமார் 150 கோடியாக இருந்த பங்குகளின் எண்ணிக்கை 2024-ல் 1,350 கோடிக்கு மேல். 400 ரூபாயில் அன்று மொத்தக் கம்பெனியின் சந்தை மதிப்பு 60,000 கோடி. 80 ரூபாயில் 2024-ல் ஒரு லட்சம் கோடிக்கு மேல். கம்பெனி அப்போது பழைய உச்சத்தையே தாண்டியது, பழைய பங்குதாரரோ ஐந்தில் ஒரு பங்கில் நின்றார். கடனை அடைக்கப் புதுப் பங்கு போட்டுக்கொண்டே போனால் இதுதான் நடக்கும். கம்பெனி பிழைக்குமா என்பதும் பங்குதாரர் பிழைப்பாரா என்பதும் இரண்டு தனிக் கேள்விகள். அதிலும், 2020-ல் அந்த இரண்டு ரூபாய் சரியான விலையா என்பது வங்கிகள் ஒத்துக்கொள்வதைப் பொறுத்தே இருந்தது. வெளியிலிருந்து கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தேன் என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

பங்குதாரர் பிழைக்காத கதைகளும் உண்டு. கரூரில் 1926-ல் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைக்கப்பட்டபோது டெபாசிட் பணம் பத்திரமாக இருந்தது. பங்கு மூலதனம் முழுவதும் அழிக்கப்பட்டது. 2021-ல் வீட்டுக் கடன் கொடுத்துவந்த டிஹெச்எஃப்எல் நிறுவனத்தைப் பிரமல் குழுமம் எடுத்தபோது பங்குதாரருக்குக் கிடைத்தது பூஜ்யம். அந்தப் பங்கின் வர்த்தகம் நிறுத்தப்படும் வரை அதை வாங்குவதற்கும் ஆள் இருந்தது.

இப்போது உங்கள் கம்பெனிக்கு மூன்று முடிவுகளை எழுதிப் பார்ப்போம். மடங்குகளும் வாய்ப்புகளும் என் கணிப்பு, நீங்கள் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். நல்லது நடந்தால் வட்டிக்கும் தேய்மானத்துக்கும் முந்தைய அந்த லாபம் பழையபடி 200 கோடிக்கு வரும். தொழிலின் மதிப்பு அதைப்போல் எட்டு மடங்கு என்று வைத்தால் 1,600 கோடி, கடன் 840 போக 760 கோடி, பங்குக்கு 76 ரூபாய். நடுத்தரமாக நடந்தால் 150 கோடி லாபம், ஏழு மடங்கு 1,050 கோடி, கடன் போக 210 கோடி. ஆனால் வங்கிகள் சும்மா விடாது, 25 ரூபாய் விலையில் 8 கோடிப் புதுப் பங்கு போட்டு 200 கோடி திரட்ட வேண்டியிருக்கும். 410 கோடியை 18 கோடிப் பங்குகளுக்குப் பிரித்தால் 23 ரூபாய். மோசமாகப் போனால் 100 கோடி லாபம், ஆறு மடங்கு 600 கோடி, கடனுக்கே போதாது. பங்குக்குப் பூஜ்யம்.

நல்லதற்கு 30, நடுத்தரத்துக்கு 40, மோசத்துக்கு 30 சதவீதம் என்று வாய்ப்புக் கொடுத்தால் சராசரி 32 ரூபாய். அதுவும் இன்றைக்கு இல்லை, மூன்று ஆண்டு கழித்து. இவ்வளவு ஆபத்துக்கு ஆண்டுக்கு 15 சதவீதமாவது வருமானம் வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டால் இன்றைய மதிப்பு 21 ரூபாய். உத்தரவாத விவகாரம் தீர்ந்து, நல்லதற்கு 50, மோசத்துக்கு 10 என்று தாராளமாகப் போட்டாலும் 31 ரூபாய்தான். 38 மலிவு இல்லை.

ஆகவே சராசரியைக் குறைக்கப் புதிதாக வாங்க வேண்டாம். அதுவும் மரம் வெட்டிய பணத்தில் கண்டிப்பாக வேண்டாம். புதுக் கன்று வைத்தால் பால்வெட்டு தொடங்க ஏழு ஆண்டு ஆகும், அதுவரை குடும்பம் அந்தப் பணத்தில்தான் ஓட வேண்டும். கையில் உள்ள 1,500 பங்கில் பாதியை இப்போதே விற்கலாம். மீதியை வைத்திருக்க விரும்பினால் மூன்று விஷயங்களுக்காகக் காத்திருங்கள்: தொழிலிலிருந்து வரும் ரொக்கம் தொடர்ந்து சில காலாண்டுகள் வட்டியைத் தாண்டுவது, அடகுப் பங்குகள் மீட்கப்படுவது, அந்த 250 கோடி உத்தரவாதம் விலக்கப்படுவது. புரமோட்டருக்கு வாரண்ட் (குறித்த விலையில் பின்னால் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை) கொடுக்கிறார்கள் என்ற செய்தியைக் கண்டு குதிக்க வேண்டாம். வாரண்டுக்கு முதலில் கட்டுவது 25 சதவீதம். மீதியைக் கட்ட 18 மாதம் அவகாசம் இருக்கிறது, பிடிக்காவிட்டால் அதை விட்டுவிட்டும் போகலாம். மீதிப் பணமும் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

விற்பதால் வரும் நஷ்டம் வீணாகப் போகாது. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்ததால் அது நீண்ட கால மூலதன நஷ்டம். எட்டு ஆண்டு வரை முன்னெடுத்துச் சென்று, வேறு நீண்ட கால மூலதன லாபத்தில் கழிக்கலாம். பங்கு லாபம்தான் என்றில்லை, நாகர்கோவில் நகருக்குள் ஒரு வீட்டுமனையை விற்று வரும் லாபத்திலும் கழியும். கிராமப்புற விவசாய நிலத்துக்கு மூலதன லாப வரியே இல்லாததால் அங்கே இது உதவாது. விற்ற ஆண்டின் வருமான வரிக் கணக்கைக் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்தால்தான் இந்த உரிமை கிடைக்கும்.