நிர்பீக்கா, பழைய ஸ்டீல் ரிவால்வரா?

சவுகார்பேட்டையில் நகைப்பட்டறை, கமிஷனர் அலுவலகத்தில் துப்பாக்கி லைசென்ஸ் கிடைத்துவிட்டது, சட்டைக்குள் மறைத்து வைக்க இந்த இரண்டு ரிவால்வரில் எது வசதி என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு ஸ்டீலுக்குத்தான்.

2014இல் வந்த நிர்பீக் ரிவால்வர், டைட்டானியம் கலந்த உலோகம், சுமார் அரை கிலோ. இடுப்பில் இருப்பதே தெரியாது, உண்மைதான். ஆனால் எடை குறையக் குறைய உதைப்பு கையில் கூடும். அதோடு, கடையில் டம்மி ரவுண்டு (வெடிக்காத போலித் தோட்டா) போட்டு, சுத்தியலை இழுக்காமல் நேரடியாக விசையை அழுத்திப் பாருங்கள். முனை ஆடினால் உங்கள் கைக்கு ஒத்துவராது. .22 அங்குலச் சிறு தோட்டா போடும் நிடர் ரிவால்வர் இன்னும் லேசு, 250 கிராம்தான். தற்காப்புக்கு நான் வாங்க மாட்டேன்.

நம்மூர் வியர்வையை மறந்துவிடாதீர்கள். ஸ்டீல் என்றால், கவனிக்காவிட்டால் துரு உறுதி. தோல் உறை உப்பை உறிஞ்சிவைத்துக்கொள்ளும். இரவில் துப்பாக்கியை அதிலிருந்து வெளியே எடுத்து, உருளையின் பின்பக்கம்வரை எண்ணெய்த் துணியால் துடையுங்கள். (மே மாதத்தில் சட்டையை இன் பண்ணாமல் விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.)

அப்புறம், 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் உறையில், முழுக்க மூடியே இருக்கவேண்டும். பேண்ட் பாக்கெட்டில் வெறுமனே போட்டுக்கொண்டு போகாதீர்கள். தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.