சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் பரம்பரை நோய்) உள்ள 3 வயதுக் குழந்தை, தொண்டை ஸ்வாப் (பஞ்சுக் குச்சியால் தொண்டையில் மாதிரி) எடுக்கும்போது மிரண்டு அழுகிறது. என்ன செய்யலாம்?

இந்த வயதில் சளியைக் காறித் துப்பத் தெரியாது, விழுங்கிவிடுவார்கள். அதனால்தான் சூடோமோனாஸ் போன்ற கிருமிகளை முன்கூட்டியே பிடிக்க, பொதுவாக 3 மாதத்துக்கு ஒருமுறை ஸ்வாப் எடுக்கிறார்கள்.

மல்லாக்கப் படுக்கவைத்து அமுக்கிப் பிடிப்பதுதான் பயத்தைப் பெரிதாக்குகிறது. மடியில் உட்காரவைத்துப் பிள்ளையின் முதுகை உங்கள் நெஞ்சோடு சாய்த்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் அதன் இரு கைகளையும் சேர்த்து அணையுங்கள். மறு கை நெற்றியில். கால்கள் உங்கள் தொடைகளுக்கு இடையில் இருக்கட்டும். தலை ஆடினால் குச்சி நாக்கிலோ கன்னத்திலோ பட்டு, வாயிலுள்ள கிருமிகள் கலந்து, மறுபடி எடுக்க வேண்டிவரும்.

எடுப்பவர் குழாயில் பெயரை ஒட்டி, எல்லாவற்றையும் தயாராக வைத்த பிறகே குழந்தையைக் கூப்பிடட்டும். குச்சியைக் காட்டிக்கொண்டு காத்திருப்பது கொடுமை. இருமச் சொல்லி, டான்சில் பக்கங்களையும் தொண்டையின் பின்சுவரையும் தொட்டு எடுக்க 2, 3 விநாடி போதும். நெஞ்சு பிசியோதெரபி முடிந்த கையோடு எடுத்தால் சளி மேலே வந்திருக்கும். சாப்பிட்ட உடனே வேண்டாம், வாந்தி வரும். 1 மணி நேரமாவது போகட்டும்.

"ஒண்ணுமே இருக்காது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். அடுத்த முறை நம்பாது. "ஓங்கரிக்கும், மூணு எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும்" என்று சொல்லி, சத்தமாக எண்ணுங்கள். சொன்னபடி மூன்றில் நிறுத்த வேண்டும். வீட்டில் பொம்மைக்கு 'ஆ' காட்டச் சொல்லிப் பழக்கலாம்.

அப்படியும் திமிறினால் நிறுத்தச் சொல்லுங்கள். வழக்கமான பரிசோதனைதானே, சற்றுப் பொறுத்து எடுக்கலாம்.