துணி நடக்கும்போது

மதிப்பிற்குரிய எழுத்தாளருக்கு,

வணக்கம். நான் கும்பகோணத்தில் கூட்டுறவு வங்கி ஒன்றில் பணியாற்றி ஓய்வுபெற்றவன். உங்கள் தந்தையாரின் தையற்கடையைப் பற்றி நீங்கள் எழுதியவற்றை விரும்பி வாசித்தவன் என்ற உரிமையில் இதைக் கேட்கிறேன். என் மகள் சென்னையில் ஆடை வடிவமைப்பு படிக்கிறாள். அடுத்த மாதம் அவளுடைய இறுதியாண்டு ஃபேஷன் ஷோ. நானும் என் மனைவியும் கட்டாயம் வர வேண்டும் என்கிறாள். தொலைக்காட்சியில் ஓரிரு நிமிடம் பார்த்துவிட்டுச் சேனலை மாற்றியதைத் தவிர எனக்கும் இதற்கும் தொடர்பில்லை. அங்கே காட்டப்படும் உடைகளை யாரும் தெருவில் உடுத்திக்கொண்டு போவதில்லை. உடுத்தி வருகிறவர்களோ வீட்டில் சண்டையிட்டுவிட்டு வந்தவர்களைப்போல நடக்கிறார்கள். இது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணம் எனக்கு உண்டு. ஆனால் நிகழ்ச்சி முடிந்ததும் மகள் என் முகத்தைத்தான் பார்ப்பாள். “நன்றாக இருந்தது” என்பதற்கு மேல் ஒரு வார்த்தையாவது நான் சொல்ல வேண்டுமென்றால், அங்கே எதைப் பார்க்க வேண்டும்?

ச., கும்பகோணம்

அன்புள்ள ச. அவர்களுக்கு,

ஏறக்குறைய இதே தயக்கத்தோடு நானும் ஒருமுறை போய் உட்கார்ந்திருக்கிறேன். என் அக்காள் மகள் படித்த கல்லூரியின் நிகழ்ச்சி அது. அழைப்பிதழில் மாலை ஆறரை மணி என்று போட்டிருந்தார்கள். ஏழேகால் வரை ஒன்றும் தொடங்கவில்லை. உடையணிந்தவர்கள் நடந்துவரும் நீண்ட மேடையான ராம்ப் நெடுக அழுக்குப் படாமலிருக்க விரித்திருந்த பிளாஸ்டிக் தாளை இரண்டு பேர் சுருட்டிக்கொண்டு போனபோதுதான், பந்தியில் இலை போட்டதும் எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்களே, அப்படி அரங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தது. விளக்குகள் அணைந்து எரிந்தன, நெஞ்சில் இடிக்கும் இசை எழுந்தது, வந்தார்கள், போனார்கள். நான் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதி நிகழ்ச்சிவரை எனக்கு நினைவிலிருப்பது செவிவலி மட்டுமே.

அதன் பிறகு ஒரு சிறு விபத்து நேர்ந்தது. நீண்ட பாவாடை அணிந்து வந்த ஒரு பெண்ணுக்கு இடுப்புப் பக்கத்து ஜிப் விட்டுக்கொண்டது. அவள் நடையை மாற்றவில்லை. அதுவும் ஒரு பாவனை என்று நாங்கள் நினைக்கும்படி இடக்கையை இடுப்பில் ஊன்றி, விட்ட இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, மேடையின் முனைவரை வந்து திரும்பினாள். என்ன ஆகப்போகிறதோ என்ற பதற்றத்தில் நான் முதன்முறையாக முகத்தை விட்டுவிட்டு உடையைப் பார்த்தேன். அவள் திரும்பி முடித்த பிறகு, அரைக்கணம் தாமதித்து, பாவாடை தனியாகத் திரும்பியது. கீழ்விளிம்பு ஒரு சுற்றுச் சுற்றி அவள் காலை வந்து தொட்டு அடங்கியது. எனக்கு என் அப்பாவின் கடை நினைவுக்கு வந்தது.

சட்டையோ கோட்டோ ட்ரையல் பார்க்க வருகிறவரை அப்பா கண்ணாடிக்கு முன்னால் நிற்க விட மாட்டார். “போட்டுக்கிட்டு அந்த முக்கு வரைக்கும் நடந்துட்டு வாங்க” என்பார். வாடிக்கையாளர் வெட்கத்தோடு தெருமுனைவரை போய் வருவார். அப்பா கழுத்தில் அளவு நாடாவோடு திண்ணையில் நின்று அவருடைய முதுகைப் பார்ப்பார். கண்ணாடி முன்னால் எல்லாரும் வயிற்றை எக்கிக்கொண்டு நிற்பார்கள், நடக்கும்போதுதான் சட்டை உண்மை பேசும் என்பது அவர் கட்சி. தோள் மூட்டில் சுருக்கம் விழுகிறதா, அக்குளில் இழுக்கிறதா, பின்பக்கம் தூக்குகிறதா என்பதெல்லாம் போகும்போது தெரிந்துவிடும். அன்றைக்கு அந்த அரங்கத்தில் விளக்கும் இசையும் சேர்த்துச் செய்துகொண்டிருந்தது இந்த வேலையைத்தான் என்று எனக்குப் பட்டது. உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் பதிலும் இவ்வளவுதான்: முகத்தைப் பார்க்காதீர்கள், துணி நடப்பதைப் பாருங்கள்.

இந்த வழக்கத்தின் தொடக்கமும் அப்படித்தான் இருந்திருக்கிறது. சார்லஸ் ஃபிரெடெரிக் வொர்த் என்ற ஆங்கிலேயர் பாரிசில் ஜவுளிக்கடை ஒன்றில் விற்பனையாளராக இருந்தார். அங்கே சால்வைகளைப் போட்டுக் காட்டும் வேலையிலிருந்த மரி வெர்னே என்ற பெண்ணை மணந்தார். மனைவிக்காக வொர்த் தைத்த உடைகளைக் கண்ட வாடிக்கையாளர்கள் தங்களுக்கும் அதுபோல வேண்டுமென்று கேட்கத் தொடங்கினார்கள். 1858-இல் வொர்த் சொந்தக் கடை திறந்தபோது, உடைகளைப் பெண்களுக்கு அணிவித்து நடக்கவிட்டு விற்றார். அதுவரை மரபொம்மைக்கு இருந்த ‘மானெக்கன்’ என்ற பெயர் பிரெஞ்சில் அப்பெண்களுக்கும் வந்துசேர்ந்தது. நம் ஊர் ஜவுளிக்கடை வாசலில் புடவை சுற்றி நிற்கும் பொம்மைக்கும் ராம்ப்பில் நடக்கும் பெண்ணுக்கும் அங்கே ஒரே பெயர்.

பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்கிறீர்கள். பாதி சரி. வொர்த்தின் வாடிக்கையாளர்களில் பிரெஞ்சுப் பேரரசி யூஜெனியும் ஒருவர். மீதிப் பாதி, இது ஒரு சந்தை என்பது. முன்வரிசையில் நடிகைகளுக்குப் பக்கத்திலேயே பெரிய கடைகளுக்குச் சரக்கெடுப்பவர்களும் பத்திரிகைக்காரர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். மேலைநாடுகளில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் காட்டப்படும் உடைகள் பெரும்பாலும் அந்த ஆண்டின் இலையுதிர்காலத்தில் கடைக்கு வருபவை. பாரிஸ் ஜெர்மானியரின் பிடியில் இருந்ததால் அமெரிக்கப் பத்திரிகையாளர்கள் அங்கே போக முடியாமற்போன போர்க்காலத்தில், 1943-இல், எலினார் லாம்பர்ட் என்ற பெண்மணி நியூயார்க்கில் ‘பிரஸ் வீக்’ என்ற பெயரில் உள்ளூர் உடைகளைக் காட்டுவதற்கு ஒரு வாரம் ஏற்பாடு செய்தார். இன்றைய ஃபேஷன் வீக் அதன் வழிவந்தது. இந்தியாவில் அது 2000-இல் டெல்லியில் தொடங்கியது. தரகும் வியாபாரமும் நடக்கும் இடத்தில் பகட்டும் இருக்கத்தான் செய்யும். நம் ஊர் மாட்டுச்சந்தையில் கொம்புக்கு வண்ணம் பூசாமலா கொண்டுவருகிறார்கள்?

யாரும் உடுத்த முடியாத உடைகளைப் பற்றிய உங்கள் புகாருக்குச் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும். 1947 பிப்ரவரி 12-ஆம் தேதி பாரிசில் ஆடை வடிவமைப்பாளர் கிறிஸ்தியன் தியோர் தன் முதல் அணிவகுப்பை நடத்தியபோது, அந்தப் பாவாடைகள் அத்தனை அகலமாக இருந்ததால், பெண்கள் சுழன்று நடக்கையில் விருந்தினர்களின் பக்கத்திலிருந்த சாம்பல் கிண்ணங்கள் தட்டிவிடப்பட்டன என்று அங்கிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். போர்க்காலத்தில் துணியைப் பங்கீட்டு முறையில் அளந்து வாங்கிய நாட்டில், கஜக்கணக்கில் துணி வீணாகிறதே என்று சிலர் கொதித்தார்கள். ஆனால் ஒடுங்கிய இடையும் விரிந்த பாவாடையுமான அந்த உருவம் அடுத்த பத்தாண்டுகளுக்கு உலகெங்கும் தையற்கடைகளில் வெட்டப்பட்டது. மேடையில் காட்டப்படுவது பெரும்பாலும் ஒரு யோசனையின் உரத்த வடிவம். கடைக்கு வரும்போது அதன் குரல் தணிந்துவிடும்.

உரத்துச் சொல்வதற்கே ஆசைப்பட்டு வேறொன்றும் இல்லாமற்போகிற உடைகளும் உண்டு. ஏன், நிறையவே உண்டு. பிளாஸ்டிக் குழாயையும் பறவை இறகையும் ஒட்டிவைத்து, அதற்கு ஒரு தத்துவமும் எழுதி மாட்டிவிடுகிறவர்களிடம் எனக்கும் பொறுமை கிடையாது. வேறுபாட்டைக் கண்டுகொள்வதற்கு என்னிடம் ஒரே ஒரு சோதனைதான் இருக்கிறது: விசித்திரத்துக்கு அடியில் தையல் இருக்கிறதா? பிரிட்டனின் ஆடை வடிவமைப்பாளர் அலெக்ஸாண்டர் மெக்வீன் மேடையில் செய்த கூத்துகள் கொஞ்சமல்ல. 1998-இல் லண்டனில், சுழலும் வட்டத்தில் வெள்ளையுடையோடு ஒரு பெண்ணை நிறுத்தி, இரண்டு இயந்திரக் கரங்களைக்கொண்டு அவள்மீது வண்ணம் பீய்ச்சச் செய்தார். ஆனால் அவர் டாக்சி ஓட்டுநரின் மகன். பதினாறு வயதில் பள்ளியை விட்டுவிட்டு, கோட்டுத் தையலுக்குப் பேர்போன சாவில் ரோ தெருவில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர். அவர் கூத்துக்கு அடியில் ஊசி இருந்தது.

முகம் சுளித்து நடப்பதைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஒருவர் சிரித்தால் நாம் அவர் முகத்தைத்தான் பார்ப்போம். அவர் கட்டியிருப்பதைப் பார்க்க மாட்டோம். எனக்குத் தோன்றும் காரணம் அதுதான். 1993-இல் பாரிசில் விவியன் வெஸ்ட்வுட் என்ற வடிவமைப்பாளரின் அணிவகுப்பில் நவோமி கேம்பெல் என்ற மாடல் ஏறத்தாழ ஒரு சாண் உயரமுள்ள காலணியோடு தடுக்கி விழுந்தார். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பும், இப்போது லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தக் காலணியும்தான் பலருக்கு நினைவிருக்கின்றன. அன்று அவர் என்ன உடை அணிந்திருந்தார் என்று கேட்டுப்பாருங்கள், பெரும்பாலானோர் விழிப்பார்கள்.

இனி நீங்கள் போகும் நாளுக்கு வருவோம். தாமதமாகத் தொடங்கும், இரவுச் சாப்பாட்டை நம்பி இருக்காதீர்கள். முதல் வரிசை விருந்தினர்களுக்கு என்றிருக்கும், அதற்காக வருந்த வேண்டாம். கிடைத்தால் மேடையின் பக்கவாட்டில், நடுப்பகுதிக்கு அருகில் உட்காருங்கள். அங்கிருந்துதான் போகிற முதுகையும் வருகிற முகப்பையும் ஒருசேரப் பார்க்க முடியும். ராம்ப்பை ஒட்டி இடம் அமைந்துவிட்டால் கால்மேல் கால் போடக் கூடாது. முனையில் குவிந்திருக்கும் புகைப்படக்காரர்களுக்கு உங்கள் முழங்கால் படத்தில் விழும். அவர்கள் நாகரிகம் பார்க்காமல் கத்துவார்கள்.

ஒவ்வோர் உடையிலும் ஓரிடத்தை மட்டும் பாருங்கள். கை வைத்த உடையென்றால் தோளும் கையும் சேரும் மூட்டு. பாவாடையென்றால் திரும்பும்போது கீழ்விளிம்பு. உடலோடு வழுக்கிக்கொண்டு விழும் உடை வந்தால், அது அநேகமாகக் கிராஸில் வெட்டிய துணியாக இருக்கும். உங்கள் மனைவியைக் கேளுங்கள், கிராஸ் கட் ஜாக்கெட் என்றால் என்னவென்று உடனே சொல்வார். பாவும் ஊடும் நேராக நிற்காமல் துணியைச் சாய்த்து வைத்து வெட்டுவதால் அதற்கு ஓர் இழுவை வந்துவிடுகிறது. முழு உடையையும் அப்படியே வெட்டி, உடலில் கொடியைப்போலத் தொங்கவிட்டுப் பேர்வாங்கியவர் பாரிசின் மாதலேன் வியொன்னே. அவர் 1912-இல் கடை திறந்தவர். அவர் முதலில் சிறிய மரபொம்மையின் மேல் துணியைச் சுற்றிப் பார்த்துத்தான் உடைகளை உருவாக்கினார். கிராஸில் வெட்டினால் துணி கூடுதலாகச் செலவாகும், தைக்கும்போது கோணிக்கொள்ளும். மாணவி ஒருத்தி அதைத் துணிந்து செய்திருந்தால் பல இரவுகள் தூங்கியிருக்க மாட்டாள்.

மகளின் உடைகள் வருவது ஓரிரு நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் கைப்பேசியைத் தூக்காதீர்கள். படம் பிடிக்கத்தான் முனையில் ஆட்கள் இருக்கிறார்களே. மேடைக்குப் பின்னால் அவள் அப்போது குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு, யாருடைய கொக்கியையோ மாட்டிக்கொண்டிருப்பாள். தன் உடைகள் நடப்பதை அவளால் நேரில் பார்க்க முடியாது. அவளுக்காகவும் சேர்த்து நீங்கள்தான் பார்க்க வேண்டும். வெளியே வந்ததும் நன்றாக இருந்தது என்று தாராளமாகச் சொல்லுங்கள். பிறகு, இரண்டாவதாக வந்த உடையில் இடது தோளை எத்தனை தடவை பிரித்துத் தைத்தாய் என்று கேளுங்கள். இரண்டாவதோ நான்காவதோ, நீங்கள் உண்மையில் பார்த்த உடையாக இருக்கட்டும்.