வினிகர் பாட்டிலைத் தள்ளி வையுங்கள்: பழைய தகர பொம்மைகளில் துரு

கேள்வி: அப்பா காலமான பிறகு, தூத்துக்குடி வீட்டுப் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி கிடைத்தது. உள்ளே அவர் சின்ன வயதில் விளையாடிய சாமான்கள். தரையில் தேய்த்து விட்டால் ஓடும் ஒரு தகரக் கார். அடியில் ‘ஜப்பான்’ என்று ஆங்கிலத்தில் இருக்கிறது, பெரியப்பா பினாங்கிலிருந்து வாங்கி வந்தது. ஒரு முழ நீளத்தில் கனமான சிவப்பு இரும்பு லாரி. அப்புறம், தீப்பெட்டி அளவில் நான்கைந்து கார்கள். எல்லாவற்றிலும் துரு. ஒரு ராத்திரி வினிகரில் ஊறப் போட்டால் பளிச்சென்று ஆகிவிடும் என்கிறார்கள். வரும் நவராத்திரிக்குக் கொலுவில் வைக்க ஆசை. ஊறப் போடலாமா?

பதில்: வேண்டாம். அந்தத் தகரக் காரை மட்டுமாவது எதிலும் ஊறப் போடாதீர்கள். இந்த ஒரு வரியோடு நீங்கள் படிப்பதை நிறுத்தினாலும் எனக்கு நிம்மதிதான்.

உங்கள் பெட்டியில் இருப்பவை பார்க்க ஒரே குடும்பம் மாதிரி இருந்தாலும், மூன்றும் மூன்று விதமான உலோக வேலை. ஒன்றுக்கு மருந்தாக இருப்பது இன்னொன்றுக்கு விஷம். ஃபிரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை எடுத்து வைத்துப் பாருங்கள். தகரக் காரிலும் லாரியிலும் ஒட்டும். தீப்பெட்டிக் கார்களின் உடம்பில் ஒட்டாது. சக்கரத்தைக் கோத்திருக்கும் கம்பியில் மட்டும் ஒட்டும். அந்தக் கார்கள் துத்தநாகக் கலவையை அச்சில் வார்த்துச் செய்தவை.

முதலில் தகரக் கார். தகரம் என்று நாம் சொல்வது, மெல்லிய இரும்புத் தகட்டின் இரண்டு பக்கமும் வெள்ளீயம் பூசியது. பொம்மை செய்பவர்கள் தகடு தட்டையாக இருக்கும்போதே அதன்மேல் படத்தை அச்சடித்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் வெட்டி, பிரஸ்ஸில் அழுத்தி, வளைத்து, ஓரத்தில் விட்டிருக்கும் சின்ன நாக்குகளை எதிர்ப் பக்கத்துத் துளையில் நுழைத்து மடக்குவார்கள். ஆகவே ஹெட்லைட், கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட், ஜன்னலில் தெரியும் முகங்கள் எல்லாமே அச்சு மை. வீட்டுக் கதவில் அடிக்கும் பெயின்ட் மாதிரி கனமான பூச்சு இல்லை. போனால் போனதுதான், அதே மாதிரி மறுபடியும் அச்சடித்துத் தர யாராலும் முடியாது.

துரு எப்படி ஏறுகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய இரும்பு வாளிக்குத் துத்தநாகம் பூசியிருப்பார்கள். வாளியில் கீறல் விழுந்தால் துத்தநாகம் தான் அரிபட்டு இரும்பைக் காப்பாற்றும். வெள்ளீயம் அதற்கு நேர்மாறு. கீறல் வழியாக ஈரம் இறங்கினால் முதலில் அரிபடுவது இரும்புதான், அதுவும் வெறும் இரும்பைவிட வேகமாக. அதனால்தான் தகர பொம்மையில் துரு ஊசிமுனைப் புள்ளியாகத் தொடங்கி, அச்சு மைக்கு அடியிலேயே பரவுகிறது. மேலே வண்ணம் நன்றாக இருப்பது போலத் தெரியும். அடியில் துருதான் அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். தூத்துக்குடி உப்புக்காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

இப்போது அந்தக் காரை வினிகரில் போட்டால் என்ன ஆகும்? அமிலம் அடியில் உள்ள துருவைக் கரைக்கும். பிடிமானம் போன மை, செதில் செதிலாக மிதந்து மேலே வரும். பல வருஷங்களுக்கு முன்னால், இந்த வேலையைக் கற்றுக்கொண்டிருந்த நாளில், ஒரு சின்னத் தகர பஸ்ஸை இப்படி ஊற வைத்தேன். காலையில் எடுத்தபோது துரு இல்லைதான். ஆனால் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பயணிகளில் பாதிப் பேர் தண்ணீரில் மிதந்தார்கள். மிச்சத் தகரம் சாம்பல் நிறமாக மங்கிப் போயிருந்தது. அந்த பஸ் இன்னும் என் மேஜையில் இருக்கிறது. பொம்மை கொண்டு வருபவர்களிடம் பேசுவதற்கு முன் அதைக் காட்டிவிடுவேன்.

அதனால் தகரக் காரில் நம் வேலை துருவை முழுசாக எடுப்பது இல்லை, நிறுத்துவது. முதலில், துரு இன்னும் வளர்கிறதா என்று பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளில் காரை வைத்து, இரண்டு நாள் தொடாமல் விடுங்கள். தாளில் ஆரஞ்சு நிறப் பொடி உதிர்ந்திருந்தால், அல்லது விரலால் தடவினால் காவி மாதிரி ஒட்டினால், துரு ஓடிக்கொண்டிருக்கிறது. கரும்பழுப்பாக, இறுகி, கையில் ஒட்டாமல் இருந்தால் அது அடங்கிய துரு. அடங்கியதைச் சுரண்ட வேண்டாம், அப்படியே இருக்கட்டும்.

ஓடும் துருவுக்குத் தேவையானது தையல் மெஷின் எண்ணெயும் இயர் பட்ஸும்தான். காரின் அடியில், கண்ணில் படாத ஒரு மூலையில், எண்ணெய் தொட்ட பட்ஸை மெல்ல உருட்டிப் பாருங்கள். பட்ஸில் சிவப்போ நீலமோ ஏறினால் அந்த வண்ணத்தின் பக்கமே போகாதீர்கள். ஏறவில்லை என்றால் துருப் புள்ளியின் மேல் ஒரு சொட்டு வைத்து ஒரு நாள் விடுங்கள். மறுநாள் புது பட்ஸால் அந்த இடத்தை உருட்டி எடுங்கள். தேய்க்கக் கூடாது, உருட்ட வேண்டும். பட்ஸ் காபி நிறத்தில் வரும். தூக்கிப் போட்டுவிட்டு, இன்னொரு சொட்டு. நான்கைந்து நாளில் பட்ஸ் வெளுப்பாக வரத் தொடங்கும்; அதோடு நிறுத்திவிடலாம். பொருக்காகக் கட்டிய துருவுக்குத் தென்னை ஈர்க்குச்சியின் நுனியைச் சாய்வாகச் சீவி வைத்துக்கொள்ளுங்கள். அது துருப் பொருக்கைப் பெயர்க்கும், தகரத்தைக் கீறாது. ஊசி, பிளேடு, உப்புத்தாள் மூன்றும் இந்தக் காருக்கு ஆகாது. மை ஏற்கெனவே போய் வெறும் இரும்பு தெரியும் இடத்தில் மட்டும், நான்கு சைபர் போட்ட மிக மெல்லிய ஸ்டீல் வுல்லை எண்ணெயில் நனைத்துத் தொடலாம். பூதக்கண்ணாடி வைத்துக்கொண்டு செய்யுங்கள். அச்சின் ஓரத்தைத் தொட்டால் அங்கே இருக்கும் மையும் கிளம்பிவிடும்.

உள்ளே துரு தெரிகிறதே, திறந்து சுத்தம் செய்யலாமே என்று தோன்றும். வேண்டாம். அந்த நாக்குகள் தொழிற்சாலையில் ஒரு தடவை மடங்கியவை. நீங்கள் நிமிர்த்தும்போது ஒரு தடவை, திரும்ப மடக்கும்போது இன்னொரு தடவை. துருவேறிய தகடு அதற்குள் முறிந்துவிடும். நாக்கு போனால் காரின் மேல்பாகம் நிற்காது. சக்கர அச்சு நுழையும் இடத்தில் ஊசி முனையால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, காரைத் திருப்பித் திருப்பி வையுங்கள், போதும். இறுகிப் போன சக்கரத்தைத் தரையில் வைத்து அழுத்தித் தேய்க்காதீர்கள். உள்ளே பல்சக்கரத்தின் பற்கள் மெல்லியவை.

ஒரு விஷயம், காரைத் திருப்பிப் பார்க்கும்போது ‘ஜப்பான்’ என்ற சொல்லுக்கு முன்னால் ‘ஆக்குப்பைடு’ என்று இருக்கிறதா பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்கப் படைகளின் பிடியில் இருந்த காலத்தில், ஜப்பானின் ஏற்றுமதிப் பொருள்கள் பலவற்றில் அப்படி அச்சிட்டார்கள். 1952-இல் அந்த ஆட்சி முடிந்தது. அந்தச் சொல் இருந்தால் உங்கள் கார் அதற்கு முந்தியது என்று வைத்துக்கொள்ளலாம். அந்த எழுத்துகளின் மேல் எண்ணெய்கூட வைக்காமல் விடுங்கள்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். நம் வீடுகளில் அரிவாள்மனைக்கும் இரும்புச் சட்டிக்கும் அதைத்தான் தடவுகிறோம். ஆனால் அவை அடிக்கடி கழுவிப் புழங்கும் சாமான்கள். அலமாரியில் மாதக்கணக்கில் இருக்கும் பொம்மையில் தேங்காய் எண்ணெய் சிக்குவாடை அடித்து, அமிலத்தன்மை ஏறி, தானே துருவுக்கு வழி செய்யும். நல்லெண்ணெய் பிசினாக இறுகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய்க்கு இந்த இரண்டு குணமும் கிடையாது.

இனி லாரிக்கு வருவோம். இது கனமான தகட்டை அழுத்தி, மேலே எனாமல் பெயின்ட் அடித்தது. இங்கிலாந்தின் டிரை-ஆங், அமெரிக்காவின் டாங்கா போன்ற கம்பெனிகள் இந்த மாதிரி லாரிகளை ஏராளமாகச் செய்திருக்கின்றன. கதவிலோ ரேடியேட்டரிலோ ஒட்டியிருக்கும் படத்தைத் தேடுங்கள். அந்தப் படம் தண்ணீர் பட்டால் கழன்று வரும் வகையாக இருக்கலாம். அதை முதலில் போட்டோ எடுத்து வைத்துவிட்டு, ஈரம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லாரியில் கொஞ்சம் துணிந்து வேலை செய்யலாம். பெயின்ட் பெரும்பாலும் நன்றாக இருந்தால், மேலே சொன்ன எண்ணெய் வைத்தியம்தான். பெயின்ட் முழுக்க உதிர்ந்து, தனியாகக் கழற்றக்கூடிய பாகம் ஏதாவது இருந்தால், உதாரணமாகப் பின்பக்கத் தொட்டி, அதை மட்டும் எலுமிச்சை உப்புக் கரைசலில் போடலாம். மளிகைக் கடையில் சிட்ரிக் அமிலம் என்று கேட்டாலே தருவார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், பிளாஸ்டிக் டப்பாவில். அரை மணிக்கு ஒரு தடவை எடுத்துப் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். ராத்திரி முழுக்க விட வேண்டாம். துரு தீர்ந்ததும் அமிலம் இரும்பைத் தின்னத் தொடங்கும். ஸ்பிரிங் எதுவும் அதில் விழக் கூடாது. உறுதிப்படுத்திய எஃகு அமிலம் பட்டால் நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும். பிறகு ஒரு நாள் இழுவை தாங்காமல் படக்கென்று உடையும்.

எடுத்த பிறகுதான் பலர் கோட்டை விடுகிறார்கள். நல்ல தண்ணீரில் அலசி, சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு முக்கி, திரும்ப அலசி, உடனே துடைத்து, ஹேர் டிரையரால் காய வைக்க வேண்டும். அமிலத்திலிருந்து வெளியே வந்த வெறும் இரும்பு, கடற்கரை ஊரில் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் மஞ்சள் பூத்துவிடும். கையில் சூடு ஆறும் முன்பே எண்ணெயோ மெழுகோ ஏற்றிவிடுங்கள்.

லாரியின் அடிப்பக்கம், உள்பக்கம் போன்ற கண்ணில் படாத வெறும் இரும்புக்கு டானிக் அமிலம் நல்ல மருந்து. கடுக்காயில் இருக்கும் துவர்ப்பு அதுதான். கடுக்காய்ச் சாறு இரும்போடு சேர்ந்தால் கறுத்துவிடும். பழைய காலத்து மை அப்படித்தான் தயாரானது. துருவின் மேல் இதைப் பூசினால் அதே மாதிரி கறுத்து இறுகிய ஒரு படலம் உண்டாகும். பொம்மைக்கு நான் கடுக்காயைக் காய்ச்சுவதில்லை. ஆய்வகக் கெமிக்கல் கடையில் டானிக் அமிலத் தூளாகவே கிடைக்கிறது; அதில் அளவு நம் கையில் இருக்கும். நீர்க்கக் கரைத்து, பிரஷ்ஷால் மெல்லப் பூசி, காய விட்டு, மெழுகு ஏற்றுங்கள். வண்ணத்தின் மேல் வழிந்தால் கறை நிற்கும்.

பாத்ரூம் கழுவும் ஆசிட், பேட்டரி சார்ஜரை இணைத்துச் செய்யும் மின்சார முறை இரண்டும் இந்தப் பெட்டியில் எதற்குமே வேண்டாம். இரண்டாவது முறை பெயின்ட்டையும் சேர்த்துக் கழற்றிவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை, தயவுசெய்து கவனியுங்கள். அந்தக் காலப் பெயின்ட்டில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. நம் நாட்டில் வீட்டுப் பெயின்ட்டுக்கே ஈய வரம்பு விதி 2016-இல்தான் வந்தது. எனவே உலர்ந்த பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். முகக்கவசம், கையுறை, கீழே விரித்த பேப்பர். முடிந்ததும் பேப்பரை மடித்துக் குப்பையில் போட்டு, ஈரத்துணியால் தரையைத் துடைத்து, கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சமையலறை மேடையில் இந்த வேலை வேண்டாம். குழந்தைகள் இந்தச் சாமான்களைப் பார்க்கட்டும். வாயில் வைக்கும் வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டக் கூடாது.

லாரிக்குப் புதுப் பெயின்ட் அடித்துவிடலாமா என்று அடுத்து யோசிப்பீர்கள். சேகரிப்பவர்கள், துருவோடு இருக்கும் அசல் வண்ணத்துக்குத்தான் மதிப்புக் கொடுப்பார்கள். புதுப் பூச்சுக்கு இல்லை. விற்கும் எண்ணம் இல்லாவிட்டாலும், அந்தச் சிவப்பில் விழுந்திருக்கும் கீறல்கள் உங்கள் அப்பாவின் கையால் விழுந்தவை. நான் என்றால் தொட மாட்டேன்.

தீப்பெட்டிக் கார்களுக்கு அதிக வேலை இல்லை. துத்தநாகக் கலவை துருப்பிடிக்காது. வினிகரில் போட்டால் நுரைத்துக் கரையும், அவ்வளவுதான். துருப் பிடித்தது அச்சுக் கம்பி மட்டும். ஒரு சொட்டு எண்ணெய், ஒரு நாள் பொறுமை, அப்புறம் மெல்லச் சுழற்றுங்கள். உடம்பிலேயே மெல்லிய வெடிப்புகள் ஓடி, விளிம்பு உதிர்ந்தால், வார்க்கும்போதே கலவையில் ஈயம் கலந்த கோளாறு. அதற்கு மருந்து இல்லை. அந்தக் காரை அசைக்காமல், உலர்ந்த இடத்தில் வைப்பது ஒன்றுதான் வழி.

கடைசியாக மெழுகு. பிரிட்டிஷ் மியூசிய ஆய்வகத்தில் 1950களில் உருவான நுண்படிக மெழுகை அருங்காட்சியகங்கள் இன்றும் பயன்படுத்துகின்றன. ‘ரினைசான்ஸ் வாக்ஸ்’ என்ற பெயரில் ஆன்லைனில் வாங்கலாம். எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்த பிறகு, பனியன் துணியில் மிளகளவு எடுத்து, கண்ணுக்கே தெரியாத அளவுக்குத் தடவி, பத்து நிமிஷம் கழித்து மெல்லத் துடைத்து விடுங்கள். மை தளர்ந்து தூக்கிக்கொண்டிருக்கும் இடத்தில் துணியைக் கொண்டுபோக வேண்டாம்.

கொலுவுக்குத் தாராளமாக வையுங்கள். விளக்குக்கும் பூவுக்கும் தள்ளி, மேல் படியில். பூவில் தெளிக்கும் தண்ணீர்தான் எனக்குப் பயம். பொம்மையின் அடியில் பட்டர் பேப்பர் போடுங்கள். வெறும் கையால் எடுத்து வைத்திருந்தால், கொலு எடுக்கும் அன்று உலர்ந்த துணியால் ஒரு தடவை துடைத்து விடுங்கள். வியர்வை உப்பு பட்ட இடத்தில் விரல் ரேகை வடிவத்திலேயே துரு வரும். திரும்ப அந்த டிரங்குப் பெட்டியில் வேண்டாம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, உள்ளே நாலைந்து சிலிக்கா ஜெல் பாக்கெட். நியூஸ் பேப்பரில் சுற்றாதீர்கள், அதில் அமிலம் உண்டு. நவராத்திரி முடிந்ததும் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிடும். அந்த இரண்டு மாதமும் பதினைந்து நாளுக்கு ஒரு முறை டப்பாவைத் திறந்து, வெள்ளைத் தாளில் பொடி விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மூடுங்கள்.