வன்முறையிலிருந்து வெளியே வந்த தோழிக்குத் தையல் மிஷின் வாங்கித் தரலாமா?

கேள்வி: கணவரின் அடி தாங்காமல் என் தோழி குழந்தையோடு வெளியே வந்துவிட்டாள். நண்பர்கள் சேர்ந்து பணம் போட்டு அவளுக்கு ஒரு தையல் மிஷின் வாங்கித் தரலாம் என்றிருக்கிறோம். அவள் சொந்தக் காலில் நிற்க இது உதவுமா?

பதில்: மிஷின் வாங்குங்கள், ஆனால் கொஞ்சம் பொறுத்து. இப்போது கையில் சேர்ந்திருக்கும் பணத்தை வீட்டு அட்வான்ஸுக்கும் நாலைந்து மாத வாடகைக்கும் எடுத்து வையுங்கள்.

ஈரோடு பக்கம் ஒரு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். மகளிர் குழுக் கணக்குகளைப் பல வருடம் கவனித்துக்கொண்டேன். அடிபட்ட பெண்கள் பலரைக் கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களில் தொழில் தெரியாதவர்கள் மிகக் குறைவு. தறிக்குப் போவார்கள், நூல் சுற்றுவார்கள், சித்தாள் வேலை பார்ப்பார்கள். சம்பாதித்துக்கொண்டேதான் அடியும் வாங்கினார்கள். வெளியே வந்த பிறகு மறுபடி அந்த வீட்டுக்கே போனவர்கள் வேலை தெரியாமல் போகவில்லை. ராத்திரி குழந்தையோடு படுக்க ஓர் இடம் இல்லாமல் போனார்கள். தனியாக வரும் பெண்ணுக்கு யாரும் லேசில் வீடு கொடுப்பதில்லை. அண்ணன் வீட்டில் முதல் மாதம் இருக்கும் முகம் மூன்றாம் மாதம் இருப்பதில்லை.

இதை நான் பார்த்ததை மட்டும் வைத்துச் சொல்லவில்லை. திருவனந்தபுரம் மாவட்டத்தில் பிரதீப் பாண்டாவும் பீனா அகர்வாலும் நடத்திய ஆய்வு 2005ல் வெளிவந்தது. நிலமோ வீடோ தன் பேரில் இல்லாத பெண்களில் 49 சதவீதம் பேர் கணவனிடம் அடி வாங்கியிருந்தார்கள். நிலம் மட்டும் இருந்தவர்களில் 18 சதவீதம், வீடு மட்டும் இருந்தவர்களில் 10, இரண்டும் இருந்தவர்களில் 7. நீண்ட காலம் அடிபட்டவர்களில் சொத்துள்ள பெண்கள் 71 சதவீதம் பேர் வெளியேறியிருந்தார்கள். சொத்தில்லாதவர்களில் 19 சதவீதம் பேர்தான். வெளியேறிவிட்டுத் திரும்பிப் போனவர்களிலும் பெரும்பாலோர் சொத்தில்லாதவர்களே. தன் பேரில் ஒரு கூரை இருந்தால் அடிக்கிற கைகூட யோசிக்கும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். உங்கள் தோழிக்குச் சொந்த வீடு வாங்கித் தர உங்களால் முடியாது. அவள் பேரில் வாடகை ஒப்பந்தம் போட்டு ஓர் அறை பிடித்துத் தர முடியும்.

அடுத்து வங்கிக் கணக்கு. இதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நூறு நாள் வேலைக் கூலியோ மகளிர் உரிமைத் தொகையோ அவள் கணக்கில் விழலாம். ஆனால் கணக்கோடு இணைத்த செல்போன் நம்பர் யாருடையது? ஏடிஎம் கார்டு யார் சட்டைப் பையில் இருக்கிறது? ஒரு பெண் என்னிடம் சொன்னாள்: “அக்கா, பணம் ஏறுனா எனக்கு முன்னாடி அவருக்குத்தானுங்க தெரியும்.” குறுஞ்செய்தியும் ஓடிபியும் அவன் போனுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவள் வீட்டைவிட்டு வந்த பிறகும் மாதாமாதம் அந்தப் பணத்தை எடுத்துக்கொண்டிருந்தான்.

அதனால் இந்த வாரமே அவளை அழைத்துக்கொண்டு போய்ச் செய்ய வேண்டியவை இவை. முதலில் அவள் பேரில் ஒரு புது சிம். ஆதார் மையத்தில் கைரேகை வைத்து ஆதாரிலுள்ள நம்பரை மாற்றிவிடலாம், பழைய நம்பருக்கு வரும் ஓடிபி தேவையில்லை. பிறகு வேறொரு வங்கியில், முடிந்தால் வேறு ஊர்க் கிளையில், குறைந்தபட்ச இருப்பு கேட்காத அடிப்படை சேமிப்புக் கணக்கு. அங்கேயே, அரசு உதவித் தொகை இனி இந்தக் கணக்குக்குத்தான் வர வேண்டும் என்று ஆதார் இணைப்புப் படிவம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பழைய கணக்கில் ஏடிஎம் கார்டை முடக்கச் சொல்லுங்கள். ரேஷன் கார்டு, குழந்தையின் பிறப்புச் சான்றிதழ், அவளுடைய பள்ளிச் சான்றிதழ் எல்லாம் அந்த வீட்டிலேயே கிடந்தால் தனியாகப் போய் எடுக்க விடாதீர்கள்.

நகை பற்றி. நம் ஊரில் ஒரு பெண்ணின் மொத்தச் சேமிப்பும் பெரும்பாலும் கழுத்திலும் கையிலும்தான். அதுவும் கணவன் பேரில் அடகு வைக்கப்பட்டிருக்கும். வைத்தவருக்குத்தான் வங்கி நகையைத் திருப்பிக் கொடுக்கும். இப்படி வந்து நின்றவர்களிடம் கவுன்ட்டரில் என்னால் எதுவும் செய்ய முடிந்ததில்லை. வழி நீதிமன்றத்தில் இருக்கிறது. 2005ல் வந்த குடும்ப வன்முறைப் பாதுகாப்புச் சட்டம், செலவுக்குப் பணம் தராமல் வைப்பதையும் நகையைப் பிடுங்கிக்கொள்வதையும் வன்முறை என்றே சொல்கிறது. சீதனத்தைத் திருப்பித் தரச் சொல்லவும், லாக்கரையும் கணக்கையும் அவன் தொடக்கூடாது என்று தடுக்கவும், வாடகைக்கும் குழந்தைச் செலவுக்கும் பணம் கட்டச் சொல்லவும் மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. அவன் கட்டாவிட்டால் அவனுக்கு வேலை கொடுத்தவரே சம்பளத்தில் பிடித்து நேராக அவளுக்குக் கொடுக்கும்படியும் உத்தரவிடலாம். அவள் சம்பாதிக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது, அது மனு போட்ட நாளிலிருந்தே கணக்கு என்று 2020ல் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். இடைக்கால உத்தரவும் சேர்த்துக் கேட்கச் சொல்லுங்கள். பெண் என்பதாலேயே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அவளுக்கு இலவச வக்கீல் கிடைப்பார்.

வழக்கு இழுக்கும். அதற்குள்தான் பலர் களைத்துப்போகிறார்கள். நீங்கள் ஒதுக்கும் வாடகைப் பணம் அந்த மாதங்களுக்காகத்தான். அரசின் கைவிடப்பட்ட பெண்களுக்கான ஓய்வூதியத்தை நம்பியிருக்க முடியாது. விவாகரத்தோ கோர்ட் மூலம் சட்டப்படி பிரிவோ ஆகியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஐந்து வருடம் பிரிந்திருக்க வேண்டும் என்கிறது விதி. நேற்று ராத்திரி கிளம்பி வந்தவளுக்கு அதனால் என்ன பயன்? இந்த விதி எனக்கு எப்போதும் வருத்தம் தருவது. மாறாக டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று 2021ல் வந்ததே, அதன் அருமை கோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் அலைகிற பெண்ணுக்குத்தான் தெரியும். யாரிடமும் பஸ் காசு கேட்க வேண்டியதில்லை.

கடன் மட்டும் இப்போது வேண்டாம். குழுவில் சேர்த்துவிட்டு லோன் வாங்கிக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வாள் என்று உங்களிடம் யாராவது சொல்வார்கள். வாரத் தவணைக்காரர் வாசலில் வந்து நிற்கும்போது அந்தப் பெண் மறுபடி கணவனிடமே கை நீட்ட வேண்டி வருகிறது. குழு என்பது நல்ல அமைப்பு. அதை நான் குறை சொல்லமாட்டேன். தென்னாப்பிரிக்காவில் லிம்போபோ மாகாணத்துக் கிராமங்களில் சிறுகடனோடு கூடவே, ஆண் பெண் உறவு, அடி உதை, உடல்நலம் பற்றியெல்லாம் பெண்கள் கூடிப் பேசும் பயிற்சியும் கொடுத்தார்கள். 2006ல் வந்த முடிவின்படி துணைவர் செய்யும் வன்முறை 55 சதவீதம் குறைந்திருந்தது. கடன் மட்டும் வாங்கிய கிராமங்களில் பொருளாதார நிலை உயர்ந்தது, வன்முறை அப்படிக் குறையவில்லை. குழுவின் பலம் அங்கே கூடிப் பேசுகிற பெண்கள்தான். உங்கள் தோழி ஆறு மாதம் கழித்துச் சேரட்டும். முதலில் சேமிப்பு மட்டும் போடட்டும்.

மிஷினுக்கு வருகிறேன். அவளுக்குத் தையலில் விருப்பம் இருக்கிறதா என்று கேட்டீர்களா? இருந்தால், வாங்கும்போது ரசீதை அவள் பேரில் போடுங்கள். முதல் சில மாதம் பிளவுஸ் தைக்கக் கொடுக்க ஆட்களையும் பிடித்துக் கொடுங்கள். வீட்டிலிருந்து தைத்தால் குழந்தையைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது உண்மை. ஆனால் அவன் தேடி வந்து கதவைத் தட்டினால் வீட்டில் தனியாக இருப்பாள் என்பதும் உண்மை. நாலு பேர் நடுவில் வேலை பார்க்கும் கார்மென்ட்ஸோ கடையோ சிலருக்கு அதிகப் பாதுகாப்பு. அங்கன்வாடி சாயங்காலம் வரை இருக்காது, ஷிஃப்ட் முடிய இரவாகும். அந்த இடைவெளியில் குழந்தையை யார் பார்ப்பது என்று இப்போதே பேசிவையுங்கள். உங்கள் நண்பர்களில் யாராவது இதை ஏற்றுக்கொண்டால் அதுவும் பணம் கொடுத்ததற்குச் சமம்.

அவன் மிரட்டினால், துரத்தினால் 181க்கு அழைக்கலாம், எந்நேரமும் எடுப்பார்கள். மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட பெண்களுக்காக இருக்கும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கவும் இடம் கொடுப்பார்கள். அங்கேயே, குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி உதவும் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்க வழிசெய்து, நடந்ததைச் சொல்லி அவரிடம் குடும்ப வன்முறை அறிக்கையையும் எழுதி வாங்கச் சொல்லுங்கள். புது வீட்டு விலாசத்தை மட்டும் உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்.