மானியம் போய்விடும் என்று பதவி உயர்வை மறுக்கலாமா?

கேள்வி: நானும் கணவரும் சேர்ந்து மாதம் 8,700 வெள்ளி சம்பாதிக்கிறோம், சிங்கப்பூரில் நாலறை பிடிஓ வீட்டுக்கு (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதாவது வீவக, புதிதாகக் கட்டி விற்கும் வீடு) விண்ணப்பிக்கப் போகிறோம். எனக்கு 600 வெள்ளி சம்பள உயர்வோடு பதவி உயர்வு வருகிறது. வாங்கினால் 9,000 வெள்ளி வருமான வரம்பைத் தாண்டி மசேநிதி (மத்திய சேமநிதி, சம்பளத்தில் பிடிக்கும் சேமிப்பு) வீட்டு மானியம் போய்விடும். வேண்டாம் என்று சொல்லிவிடவா? போன வருஷம் அண்ணன் கடைக்காக என் பேரில் 25,000 வெள்ளி கடன் எடுத்தேன் (5 ஆண்டு, 4% பிளாட் வட்டி, அதாவது முதலில் எடுத்த முழுத் தொகைக்கும் வருஷா வருஷம் அதே வட்டி). நாலு மாதம் கட்டியவர் நிறுத்திவிட்டார், இப்போது இன்னும் 15,000 எடுத்துத் தரச் சொல்கிறார். முதலீட்டுக் காப்புறுதியில் மாதம் 300 போட்டால் வீட்டுக்கு ஆகும் என்கிறாள் தோழி. ஈஷூன் வாசகி

பதில்: மானியம் 1,20,000 வரை என்று 2024 ஆகஸ்ட்டிலிருந்து எல்லாரும் பேசுகிறார்கள், ஆனால் அது மாதம் 1,500 வெள்ளிக்குள் சம்பாதிக்கும் குடும்பத்துக்கு. வருமானம் ஏற ஏற அது படிப்படியாக இறங்கி, 8,501 முதல் 9,000 வரை உள்ள உங்கள் படிக்கு வரும்போது வெறும் 5,000. அதுவும் ஒரே தடவை, மசேநிதிக்குத்தான் போகும். பதவி உயர்வோ வருஷத்துக்கு 7,200. மசேநிதி 20% பிடித்தாலும் மாதம் 480 கைக்கு வரும், பிடித்ததும் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது. வீவக கடனில் தவணை வருமானத்தில் 30% தாண்டக்கூடாது இல்லையா, அந்த எல்லையும் 2,610லிருந்து 2,790 ஆகிவிடும். மறுக்கவே மறுக்காதீர்கள்.

எனக்குக் கவலை அண்ணன் கடன்தான். 25,000க்கு 5,000 வட்டி, மொத்தம் 30,000, மாதம் 500. இன்னும் 48 மாதம் என்று வைத்தால் 24,000 வெள்ளி. போய்விடுமோ என்று நீங்கள் தூக்கம் கெடுத்துக்கொள்ளும் மானியத்தைப் போல கிட்டத்தட்ட ஐந்து மடங்கு! புதிதாகக் கேட்கும் 15,000மும் அதே வட்டியில் மாதம் 300 ஆகும், ஆக மொத்தம் 800. உயர்வில் கைக்கு வரும் 480 அப்படியே போய், மேலே 320 வீட்டுச் செலவிலிருந்து எடுக்க வேண்டும். வீவக கடன் இப்போது விலையில் 75% வரைதான், 4 லட்சம் வெள்ளி வீடென்றால் ஒரு லட்சம் உங்கள் மசேநிதியிலிருந்தும் கையிலிருந்தும் வரவேண்டும். அதை எங்கிருந்து கொண்டு வருவீர்கள்?

கூடப்பிறந்தவராச்சே, முகத்துக்கு நேரே எப்படி மறுப்பது என்றுதான் இருக்கும், புரிகிறது. ஆனால் வங்கிக்கு அண்ணனைத் தெரியாது, உங்கள் பேரைத்தான் தெரியும். "வீடு எடுக்கிறோம் அண்ணே, இனி என் பேரில் கடன் எடுக்க முடியாது" என்று சொல்லுங்கள், அது உண்மையும்கூட. பழைய கடனுக்கு மாதம் 250ஆவது ஒரு தேதி வைத்து உங்கள் கணக்கில் போடச் சொல்லுங்கள். கணவரும் பக்கத்தில் இருக்கட்டும்.

தோழி சொன்னது வேண்டாம். முதல் சில வருஷம் கட்டணத்துக்கே நிறையப் போய்விடும், இடையில் எடுத்தால் கட்டியதைவிடக் குறைவாகவே கிடைக்கலாம். வீட்டுக்கு வேண்டிய பணத்தை அதில் போடாதீர்கள், அந்த 300ஐக் கடனில் கூடுதலாகக் கட்ட முடியுமா என்று வங்கியில் கேட்டுப் பாருங்கள், முன்கூட்டியே அடைத்தால் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள்.